பள்ளி நர்ஸும் கடற்கரைத் தொகுதியும்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். அதனால் வரையறைகளில் தொடங்காமல் ஒரு மனுஷியின் கதையில் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் குடிமையியல் வகுப்பில் அமெரிக்க காங்கிரஸ் பற்றிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். செனட் 100 பேர், ஆறு ஆண்டுப் பதவி. பிரதிநிதிகள் சபை 435 பேர், இரண்டே ஆண்டுப் பதவி. பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சார், அந்த 435 பேரும் அதுக்கு முன்னாடி என்ன வேல பாத்துக்கிட்டு இருந்தாங்க?"

உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரியாது. "நிறைய பேர் வக்கீலும்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. தேடிப் படித்தபோது அகப்பட்டவர்தான் லோயிஸ் கேப்ஸ். சாண்டா பார்பரா நகரத்துப் பொதுப் பள்ளிகளில் இருபது ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்தவர். அதன் பிறகு, அறுபது வயதில், காங்கிரஸுக்குப் போய் ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் அங்கே இருந்தவர். அடுத்த வாரம் அந்த மாணவியிடம் இவர் பெயரைச் சொன்னேன். அவளைவிட எனக்குத்தான் அதனால் லாபம்.

கதைக்குள் போகும் முன் ஒரு சின்ன வார்த்தைச் சிக்கல். அங்கே தொகுதியை 'டிஸ்ட்ரிக்ட்' என்கிறார்கள். நம் செய்தித்தாள்களே சில நேரம் அதை 'மாவட்டம்' என்று மொழிபெயர்த்துவிடுகின்றன. பிள்ளைகள் குழம்பிப் போகிறார்கள். காங்கிரஸ் விஷயத்தில் 'டிஸ்ட்ரிக்ட்' என்றால் தொகுதி. நம் மாவட்டத்துக்கு ஓரளவு நெருக்கமானது 'கவுன்டி'. இதை வகுப்பில் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி இடத்தைப் பார்ப்போம். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடமேற்கே கலிபோர்னியாவின் மத்தியக் கடற்கரை. ஒரு பக்கம் பசிபிக் கடல், மறுபக்கம் மலை. மலைக்கு அப்பால் திராட்சைத் தோட்டங்களும் மாட்டுப் பண்ணைகளும். கரையில் நின்று பார்த்தால் கடலுக்குள் எண்ணெய்க் கிணறுகளின் மேடைகள் வரிசையாகத் தெரியும். அவற்றில் ஒன்றின் பெயர் 'பிளாட்ஃபார்ம் ஏ'. 1969 ஜனவரி 28 அன்று அந்த மேடையில் துளையிட்டுக்கொண்டிருந்தபோது கிணறு வெடித்து, கடலடியில் விரிசல் விட்டு எண்ணெய் பீறிட்டது. 80,000 முதல் 1,00,000 பீப்பாய் வரை கடலில் கலந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கடற்பறவைகள் செத்தன. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் சட்டங்களுக்கு உந்துதல் தந்தவற்றில் இந்த விபத்தும் ஒன்று. தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்ட நாள் 1970 ஜனவரி 1. முதல் புவி நாள் அதே ஆண்டு ஏப்ரலில்.

அந்தக் கறுப்பு எண்ணெய் கரை ஒதுங்கியபோது லோயிஸ் கேப்ஸ் அந்த ஊரில்தான் குடியிருந்தார். அரசியல்வாதியாக அல்ல. கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் மனைவியாக, சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த நர்ஸாக.

பிறந்தது 1938இல், விஸ்கான்சின் மாநிலத்தின் லேடிஸ்மித் என்ற சிற்றூரில். அப்பா லுத்தரன் திருச்சபைப் போதகர். வளர்ந்ததெல்லாம் உள்நாட்டுச் சிற்றூர்களில். கடலுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. 1959இல் பசிபிக் லுத்தரன் பல்கலைக்கழகத்தில் செவிலியர் பட்டம். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வியில் முதுகலை. கணவர் வால்டர் கேப்ஸுக்கு 1964இல் சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வித் துறையில் வேலை கிடைத்தது. குடும்பம் மேற்கே வந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தன் ஐம்பதுகளில், 1990இல், அதே பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் இன்னொரு முதுகலைப் பட்டம் வாங்கினார். பி.எட். முடித்ததோடு புத்தகத்தை மூடி வைத்த நம்மில் சிலருக்காக இதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளி நர்ஸ் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். நம் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வண்டியில் வந்து பிள்ளைகளைப் பரிசோதித்துவிட்டுப் போகிறது. அங்கே பல பள்ளிகளில் நர்ஸ் பள்ளி ஊழியரில் ஒருவர். கண் பரிசோதனை, காது பரிசோதனை, தடுப்பூசிப் பதிவேடு, ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மருந்து எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் நமக்கெல்லாம் தெரியும், திங்கட்கிழமை காலை "வயிறு வலிக்குது மிஸ்" என்று வருகிற பிள்ளைக்கு எப்போதும் வயிறுதான் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. காலையில் சாப்பிட்டதா, வீட்டில் சண்டையா, யாராவது அடித்தார்களா என்று பார்க்கிற கண் அந்த அறையில் இருப்பவருக்கு வேண்டும். கேப்ஸ் இன்னொரு கடினமான வேலையும் செய்தார். பள்ளிப் பருவத்திலேயே கருவுற்ற பெண்களுக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் உதவும் கவுன்டி அளவிலான திட்டத்தை நடத்தினார். அந்தப் பெண்கள் படிப்பை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் நோக்கங்களில் முக்கியமானது. நகரக் கல்லூரியில் மழலையர் கல்வி பற்றிப் பகுதி நேரமாகப் பாடமும் நடத்தினார்.

அரசியலுக்குப் போனது கணவர்தான். வால்டர் கேப்ஸ் வியட்நாம் போரைப் பற்றி நடத்திய வகுப்பு நாடெங்கும் பேர் பெற்றது. போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்களையே வகுப்புக்கு அழைத்துவந்து பேச வைத்தார். நூற்றுக்கணக்கான மாணவர்கள் அரங்கம் நிறைய உட்கார்ந்து கேட்டார்கள். 1994இல் தேர்தலில் நின்று மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 1996இல் மறுபடி நின்றார். அந்தப் பிரசாரத்தின் நடுவே, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரால் விபத்தில் சிக்கிப் பலத்த காயம். கணவர் தேறிவரும் வரை மேடைகளுக்கு மனைவி போனார். வால்டர் வென்றார். பதவியேற்று ஓராண்டுகூட ஆகவில்லை; 1997 அக்டோபர் 28 அன்று வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தில் மாரடைப்பில் இறந்துபோனார்.

அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. உறுப்பினர் இறந்தால் அவருடைய மனைவியை இடைத்தேர்தலில் நிறுத்துவது. அனுதாப ஓட்டு என்று நாம் சொல்வோமே, அதேதான். இப்படி வந்த பெண்கள் பலர் மிச்சக் காலத்தை முடித்துவிட்டு வீடு திரும்பினார்கள். வேறு சிலர் பல பதிற்றாண்டுகள் நிலைத்தார்கள். கேப்ஸுக்கு அனுதாபம் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. அந்தத் தொகுதி இரண்டு கட்சிக்கும் சம பலம் உள்ள இடம். நாடு முழுக்க அன்றைக்கு நடந்த ஒரே பெரிய போட்டி என்பதால் வெளியூர் அமைப்புகள் பணத்தைக் கொட்டித் தொலைக்காட்சி விளம்பரம் செய்தன. கருக்கலைப்பு, பதவிக் கால வரம்பு என்று தேசிய விவகாரங்களாகவே விளம்பரம் ஓடியது. உள்ளூர்ப் பள்ளியையும் சாலையையும் பற்றிப் பேச வந்த வேட்பாளர்களுக்கே அது சலிப்பூட்டியிருக்கும். 1998 மார்ச் 10 அன்று சுமார் 53 விழுக்காடு வாக்குகள் பெற்று வென்றார். கணவரை இழந்து ஐந்து மாதம்கூட முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஜனவரியில் இடைத்தேர்தலின் முதல் சுற்று, மார்ச்சில் இரண்டாம் சுற்று, ஜூனில் அடுத்த பொதுத்தேர்தலுக்கான முதல்நிலைத் தேர்தல், நவம்பரில் பொதுத்தேர்தல். ஒரே ஆண்டில் நான்கு முறை அதே வாக்காளர்கள் முன் நின்றார். 2000 பொதுத்தேர்தலில் மறுபடியும் 53 விழுக்காடுதான். அதே ஆண்டில் தன் மகள் ஒருவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அதைப் பற்றி நான் வேறு எதுவும் சொல்லப் போவதில்லை.

சபையில் என்ன செய்தார்? இதை வகுப்பில் எப்படி விளக்குவது என்று நான் நெடுநாள் யோசித்ததுண்டு. ஏனென்றால் கேப்ஸ் ஜனநாயகக் கட்சி. அவர் இருந்த ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகளில் அவர் கட்சி அந்தச் சபையில் பெரும்பான்மையாக இருந்தது 2007 முதல் 2010 வரையான நான்கே ஆண்டுகள். மற்ற காலமெல்லாம் சிறுபான்மை. எந்த மசோதா விவாதத்துக்கு வர வேண்டும் என்று முடிவு செய்வது பெரும்பான்மைக் கட்சி. அப்படியானால் சிறுபான்மை உறுப்பினர் சும்மா உட்கார்ந்திருந்தாரா?

2002ஆம் ஆண்டின் செவிலியர் மறுமுதலீட்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக இருந்த நேரம். பணியில் இருப்பவர்களுக்கு வயதாகிறது, புதியவர்கள் வரவில்லை, வர விரும்புகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் போதவில்லை. கேப்ஸ் தன் கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் ஆள் சேர்த்து ஒரு மசோதா கொண்டுவந்தார். செவிலியர் படிப்புக்கு உதவித்தொகை. வாங்கியவர்கள் பற்றாக்குறை உள்ள இடங்களில் சில ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். செவிலியர் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்பவர்களுக்குக் கல்விக் கடன் தள்ளுபடி. ஆசிரியர் இல்லாமல் மாணவர் எப்படி வருவார் என்று யோசித்த அந்தப் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. 2002 ஆகஸ்ட் 1 அன்று குடியரசுக் கட்சி அதிபர் புஷ் கையெழுத்திட்டார். ஆனால் சட்டமான மசோதாவின் தலைப்பில் முதல் பெயராக இருப்பது கேப்ஸ் பெயர் அல்ல. சுகாதாரத் துணைக்குழுவின் தலைவராக இருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் மைக்கேல் பிலிராக்கிஸ் பெயர். சிறுபான்மையில் இருப்பவர்கள் காரியத்தைச் சாதிக்க இதுவும் ஒரு வழி. பெயரை விட்டுக்கொடுத்தால் பொருள் கிடைக்கும். எல்லாருக்கும் இது முடியாது. நம் பள்ளி ஆண்டு விழாவில் அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதற்கே எவ்வளவு மனத்தாங்கல் வருகிறது என்று பார்த்திருக்கிறோம்.

அடுத்த ஆண்டு, 2003இல், சபைக்குள்ளேயே செவிலியர் நலனுக்கான உறுப்பினர் குழு ஒன்றைத் தொடங்கினார். 2010இல் நிறைவேறிய பெரிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் பள்ளி வளாக மருத்துவ மையங்களுக்காக நான்கு ஆண்டுகளுக்கு 20 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பள்ளி மருத்துவ மையங்களுக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். கடல் விஷயத்திலும் அப்படியே. அவருடைய கரைக்கு எதிரே கடலில் துளையிடப்படாமல் கிடந்த 36 எண்ணெய்க் குத்தகைகள் பல ஆண்டுகளாக வழக்கிலும் விவாதத்திலும் இழுபட்டன. அவற்றைத் தோண்டவிடக்கூடாது என்பதில் அவர் கடைசிவரை மாறவில்லை. 2002 அக்டோபரில் ஈராக் போருக்கு அனுமதி கேட்டபோது 296 பேர் ஆதரித்தார்கள், 133 பேர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் இவர் ஒருவர். வியட்நாம் வகுப்பு நடத்தியவர் வீட்டிலிருந்து வந்தவர் வேறு எப்படி வாக்களிப்பார் என்று எனக்குத் தோன்றும்.

இதுவரை புகழ்ந்தாயிற்று. இனி சங்கடமான பகுதி. அதைச் சொல்லாவிட்டால் குடிமையியல் ஆசிரியராக நான் என் வேலையைச் செய்தவனாக மாட்டேன்.

பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு அங்கே தொகுதி எல்லைகளைத் திருத்துகிறார்கள். நம் நாட்டில் அதற்கு மறுவரையறை ஆணையம் உண்டு. அன்றைய கலிபோர்னியாவில் மாநிலச் சட்டமன்றமே எல்லை போட்டது. 2001இல் இரண்டு கட்சிகளும் பேசிவைத்து, பதவியில் இருப்பவர்கள் யாருக்கும் ஆபத்து வராதபடி வரைந்தன. இந்தத் தெருவில் என் ஆட்கள், அந்தத் தெருவில் உன் ஆட்கள் என்று பாகம் பிரிப்பதுபோல. அப்படி உருவானதுதான் கேப்ஸின் 23ஆவது தொகுதி. ஆக்ஸ்நார்டிலிருந்து வடக்கே மான்டரே கவுன்டி எல்லை வரை கடற்கரையை ஒட்டியே சுமார் 200 மைல், அதாவது 320 கிலோமீட்டர் நீளம். அகலமோ சில இடங்களில் சில மைல்கள்தான். ஜனநாயகக் கட்சிக்கு ஆதரவான கரையோர நகரங்கள் எல்லாம் உள்ளே. குடியரசுக் கட்சிக்கு ஆதரவான மலைக்கு அப்பாலுள்ள ஊர்கள் வெளியே. அதற்கு 'அவமான ரிப்பன்' என்றே பெயர் வைத்தார்கள். கடல் பொங்கி ஏறினால் காணாமல் போய்விடும் தொகுதி என்று கேலியும் உண்டு.

விளைவு? முன்பு 53 விழுக்காட்டில் மூச்சுத் திணறி வென்றவர், 2004, 2006, 2008 மூன்று தேர்தல்களிலும் 60 விழுக்காட்டைத் தாண்டி வென்றார். இவர் மட்டுமல்ல. கலிபோர்னியாவுக்கு 53 இடங்கள்; 2002 முதல் 2010 வரை ஐந்து பொதுத்தேர்தல்கள்; மொத்தம் 265 போட்டிகள். அவற்றில் ஒரு கட்சியிடமிருந்து மறு கட்சிக்குக் கைமாறியது ஒரே ஒரு இடம். வாக்காளர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறாரா, பிரதிநிதி வாக்காளரைத் தேர்ந்தெடுக்கிறாரா என்று மாணவர்களைக் கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சரியாகப் பதில் சொல்லும்.

கோட்டைக் கேப்ஸ் தன் கையால் போடவில்லை. ஆனால் அதன் நிழலில் பத்து ஆண்டு இருந்தார். நல்ல உறுப்பினர் என்பதால் அந்த எல்லை நல்ல எல்லை ஆகிவிடாது. மோசமான எல்லை என்பதால் அவர் செய்த வேலை பொய்யாகிவிடாது. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. உங்களில் சிலர் மாறுபடலாம். தேநீர் இடைவேளையில் சண்டை போடுவோம்.

பிறகு கலிபோர்னியா வாக்காளர்களே பொது வாக்கெடுப்பில் இந்த ஏற்பாட்டை உடைத்தார்கள். 2008இல் சட்டமன்றத் தொகுதிகளுக்கும், 2010இல் காங்கிரஸ் தொகுதிகளுக்கும் எல்லை போடும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து எடுத்து, 14 பேர் கொண்ட குடிமக்கள் ஆணையத்திடம் கொடுத்தார்கள். இரண்டு பெரிய கட்சிகளில் பதிந்தவர்கள் ஐந்து ஐந்து பேர், இரண்டிலும் சேராதவர்கள் நான்கு பேர். புதிய வரைபடத்தில் ரிப்பன் மறைந்தது. சாண்டா பார்பரா, சான் லூயிஸ் ஒபிஸ்போ இரண்டு கவுன்டிகளையும் முழுசாகச் சேர்த்து 24ஆவது தொகுதி பிறந்தது. பத்து ஆண்டாக வெளியே விடப்பட்டிருந்த பாசோ ரோபிள்ஸ் திராட்சைத் தோட்டக்காரர்களும் சாண்டா இனெஸ் பள்ளத்தாக்குக் குதிரைப் பண்ணைக்காரர்களும் உள்ளே வந்தார்கள்.

அப்போது அவருக்கு 74 வயது. விலகிக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2012இல் நின்றார். எதிரே நின்றவர் லேசுப்பட்டவர் அல்ல: ஏபெல் மால்டொனாடோ. பண்ணைக் கூலியாக வந்த குடும்பத்தில் பிறந்து, சாண்டா மரியா மேயராகி, மாநிலத் துணை ஆளுநர் வரை உயர்ந்தவர். கேப்ஸ் சுமார் 55 விழுக்காடு பெற்று வென்றார். 2014இல் 52 விழுக்காடு. மறுபடியும் பழைய மூச்சுத் திணறல்தான். ஆனால் 60, 65 என்று வந்த காலத்து வெற்றிகளைவிட இந்த 55ஐயும் 52ஐயும்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

2015 ஏப்ரலில், அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். ஒரு மாதம் கழிந்தது. மே 19 அன்று சாண்டா பார்பராவுக்கு மேற்கே ரெஃபூஹியோ கடற்கரை அருகே தரையடியில் ஓடிய எண்ணெய்க் குழாய் துருப்பிடித்த இடத்தில் வெடித்தது. ஒரு லட்சம் காலனுக்கு மேல் கச்சா எண்ணெய் வெளியேறியது. நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் அடியில் செல்லும் மழைநீர்க் கால்வாய் வழியே ஓடிக் கடலில் இறங்கியது. 1969இல் கரையில் நின்று பார்த்தவர், 46 ஆண்டு கழித்து, அதே கரைக்கு அந்த ஊர் உறுப்பினராக வந்து நின்றார்.

இதில் பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. குழாய்ப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று 2012 ஜனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது. புதிதாகப் போடும் குழாய்களில் கசிந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வுகள் பற்றி விதி செய்யும்படி அதில் சொல்லியிருந்தது. மூன்று ஆண்டு கடந்தும் விதி வரவில்லை. அது இறுதியானது 2022இல். வெடித்த குழாய் பழையது, அதற்கு அந்த விதி பொருந்தியிருக்காது என்பதும் உண்மை. ஆனாலும் 'மசோதா சட்டமாகிறது' என்று அம்புக்குறி போட்டு நாம் முடித்துவிடுகிறோமே, அந்த அம்புக்குறிக்குப் பிறகு இன்னும் பத்து ஆண்டு நீளமுள்ள கோடு ஒன்று இருக்கிறது. குழாய்ப் பாதுகாப்பைக் கவனிக்கும் எரிசக்தி, வணிகக் குழுவில் கேப்ஸ் உறுப்பினர். தாமதத்தைப் பற்றி அதிகாரிகளை விடாமல் கேட்டார். 2016 ஜூன் 22 அன்று புதிய குழாய்ப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. கடற்கரைகளையும் கரையோரக் கடலையும் தனிக் கவனிப்பு வேண்டிய இடங்களாகக் கருத வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அப்போதும் சபையில் அவர் கட்சி சிறுபான்மைதான்.

குழாயின் சொந்தக்கார நிறுவனத்தை உள்ளூர் நடுவர் குழு குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது 2018இல். அப்போது கேப்ஸ் உறுப்பினர் இல்லை. 2017 ஜனவரி 3 அன்றே அவர் பதவிக்காலம் முடிந்து, சாலுத் கார்பஹால் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்.

அந்த மாணவிக்குச் சொன்ன இன்னொரு செய்தியையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2016 நவம்பர் வாக்குச்சீட்டில் லோயிஸ் கேப்ஸ் பெயர் இல்லை. ஆனால் சாண்டா பார்பரா வாக்காளர்கள் கேப்ஸ் என்ற பெயரை அதே சீட்டில் வேறோர் இடத்தில் பார்த்தார்கள். அவருடைய மகள் லாரா கேப்ஸ் நின்று வென்றது காங்கிரஸுக்கு அல்ல. அம்மா இருபது ஆண்டு நர்ஸாக வேலை பார்த்த ஊரின் பள்ளிக் கல்விக் குழுவுக்கு. "அப்போ பள்ளிக்கூடத்துக்கும் அங்க எலெக்‌ஷன் உண்டா சார்?" என்று கேட்டாள். உண்டு என்றேன். அடுத்த வகுப்பு முழுக்க அதிலேயே போய்விட்டது.